முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறது, மூன்றாவது பக்கத்தில், மேலிருந்து நாலாவது வரி, மூன்றாம் வகுப்பு, சரளமாக வாசிப்போர், முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று, யார் எண்ணினார்கள், இவாவையும் சேர்த்தா எண்ணினார்கள், சேர்க்காமல் எண்ணியிருந்தால் முப்பதுதானே வரும், இவா என் மகள், இவாஞ்சலின், எட்டு வயது, இன்றைக்கு வரைக்கும் என் காது கேட்க ஒரு வரி வாசித்ததில்லை. தாளை மடிக்கிறேன், பிரிக்கிறேன், எண் மாறவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள், முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது, பினாயில் வாசனையும் காலையில் பிள்ளைகளுக்குப் போட்ட ரவா கிச்சடியின் வாசனையும் கலந்து வருகிறது, யாரோ மைக்கைத் தட்டுகிறார்கள், ஹலோ ஹலோ, வாசலில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர் கீச்சென்று கத்துகிறது, கயிற்றுக்கடைத் தெரு முழுக்கக் கேட்கும், அதற்காகத்தானே அதை வாசலில் கட்டுவது. இந்த மாநகராட்சிப் பள்ளியின் ஆண்டறிக்கையைத் தலைமையாசிரியை வாசிக்க மாட்டார், பெற்றோரில் ஒருவர்தான் வாசிக்க வேண்டும், யார் என்பதை அன்று காலையில் சாக்பீஸ் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள், இன்றைக்கு எடுத்த சீட்டில் என் பெயர். பெனிட்டா, மூன்றாம் வகுப்பு இவாஞ்சலினுடைய அம்மா, எங்கே இருக்கீங்க, கையைத் தூக்குங்க, என்றார் குணசுந்தரி டீச்சர், அவர்தான் தலைமையாசிரியை, நான் கையைத் தூக்கவில்லை, பக்கத்தில் இருந்த தேசம்மா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் தெருவில் பேசினார்களாம், கணக்கு காட்டுறதுக்கு என்ன, பேனா இருந்தா போதும் என்று, அன்றைக்குச் சபதம் போட்டமாதிரி குணசுந்தரி டீச்சர் இதை ஆரம்பித்தார், ஒவ்வொரு வகுப்பின் கணக்கை வாசித்ததும் வாசிப்பவர் மூன்று முறை கேட்க வேண்டும், சந்தேகம் உண்டா, சந்தேகம் உண்டா, சந்தேகம் உண்டா. யாராவது கைதூக்கி ஒரு பிள்ளையின் பேரைச் சொன்னால் அந்தப் பிள்ளை வந்து அன்றைய நாளிதழை வாசித்துக் காட்ட வேண்டும், பாடப்புத்தகம் கிடையாது, மனப்பாடம் செய்திருக்கலாம் அல்லவா. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதுபோல, மூன்று ஞாயிறு, தடை இருந்தால் தெரிவிக்கவும். எங்கள் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் யாராவது எழுந்துவிடுவார்களோ என்று குனிந்தே இருந்தேன், எழ ஒரு காரணமும் இல்லை, இருந்தாலும் குனிந்தே இருந்தேன்.

எனக்குப் பயம் எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கான்வென்ட்டில் சேர்த்த நாளிலிருந்து என்று என் வீட்டுக்காரர் ஆல்வின் சொல்வார். பன்னிரண்டு வருஷம் வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தேன், ஃபிங்கர் ஆன் லிப்ஸ், தமிழில் பேசினால் வெயிலில் நிற்க வேண்டும், நான் ஒரு நாளும் நின்றதில்லை, எந்தப் பாஷையிலும் பேசியதில்லை, வருஷா வருஷம் நன்னடத்தைக்கு ஒரு பரிசு, பேசாமல் இருந்ததற்குப் பரிசு, வீட்டில் இன்னும் ஏழு கோப்பைகள் இருக்கின்றன, கொலுப் படி மாதிரி என்று ஆல்வின் கிண்டல் செய்வார். இவாவை அதே கான்வென்ட்டில்தான் சேர்த்தோம். ஒன்றாம் வகுப்பு முடிகிற நேரம் கூப்பிட்டு அனுப்பினார்கள், அந்த அறையில் அதே மெழுகு வாசனை, அதே வழுக்கும் தரை, சிஸ்டர் சிரித்த முகமாய்த்தான் சொன்னார், பெனிட்டா, நீ எவ்வளவு நல்ல பிள்ளை, உன் மகள் கொஞ்சம் ஸ்லோ, வேறே ஏதாவது சுலபமான பள்ளிக்கூடம் பாரேன். நான் தேங்க் யூ சிஸ்டர் என்றேன். தேங்க் யூ என்றேன், என் பிள்ளையை வேண்டாம் என்றதற்கு, அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. சுலபமான பள்ளிக்கூடம். எங்கள் வீட்டிலிருந்து நூறடி, போகிறபோதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் போவேன், அந்த வாசலுக்குள் இவா கையைப் பிடித்துக்கொண்டு வந்த முதல் நாள் முக்காடு போட்டுக்கொண்டேன், ஏதோ பூசைக்குப் போகிறவள் மாதிரி. இரண்டு வருஷமாகிவிட்டது. இவா ஓடி வருகிறாள், முட்டியில் சிராய்ப்போடு வருகிறாள், டீச்சர் சொன்ன ஜோக்கைப் பாதி சொல்லிவிட்டுத் தானே சிரித்துப் புரள்கிறாள், எல்லாம் சரி, சாயங்காலம் ஆறு மணிக்குப் புத்தகத்தைப் பிரித்தால் வாய் பூட்டிக்கொள்கிறது. எதிரில் உட்காருவேன், படி இவா, என்பேன், அவள் புத்தகத்தைப் பார்க்க மாட்டாள், என் முகத்தையே பார்ப்பாள், கொக்கு மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், நானும் எத்தனை நேரம் பொறுப்பது, நானே அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன், அடுத்ததையும், அப்படியே பக்கம் முடிந்துவிடும், இரண்டு பேருக்கும் அப்பாடா என்றிருக்கும். கடையில் உன் பேர் என்ன பாப்பா என்று கேட்டாலும் நான்தான் சொல்வேன். டாக்டர் எங்கே வலிக்குது என்றாலும் நான்தான் சொல்வேன், ஒரு தடவை டாக்டரே சிரித்துவிட்டார், அப்ப மருந்தையும் நீங்களே குடிச்சிடுவீங்களாம்மா என்று.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மும்தாஜ் டீச்சரைப் பிடித்துக் கேட்டேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இவாவின் வகுப்பு டீச்சர் அவர், தாவணி போட்ட பெண் மாதிரி குட்டையாய், கையெல்லாம் சாக்பீஸ் தூள். டீச்சர், இதுலே முப்பத்தொண்ணு போட்டிருக்கு, இவா, இவா வாசிக்கிறாளா. அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார், என்னைக் கேட்டா எப்படிம்மா, நான் ஆமான்னுதான் சொல்லுவேன், அதுக்குத்தானே மைக்கு, அங்கே போய்க் கேளுங்க, என்று சொல்லிவிட்டு ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பொத்தான் போட்டுவிடப் போய்விட்டார். ஏன் சிரித்தார். வாசிக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன. சொல்ல முடியாதவர்கள்தான் சிரிப்பார்கள், எனக்குத் தெரியாதா, நான் எத்தனை இடத்தில் சிரித்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு நாற்பத்துநாலுக்கு முப்பத்தெட்டு, இரண்டாம் வகுப்பு முப்பத்தைந்துக்கு இருபத்தொன்பது, இதெல்லாம் நம்புகிறமாதிரி இருக்கிறது, மூன்றாம் வகுப்பு மட்டும் எப்படி முழுசாய் வரும், முழுசாய் வருகிற எண்தான் பயம், பொய் சொல்கிறவனுக்குத்தான் மிச்சம் வைக்கத் தெரியாது. மூன்றாவது பக்கத்துக்கு மேல் நான் புரட்டவில்லை, புரட்ட முடியவில்லை, விரல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. நான் பேசாமல் வாசித்துவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. கைதட்டுவார்கள். முன் வரிசையில் வெள்ளைச் சட்டையில் மண்டலக் கல்வி அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், அவர் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வார், மண்டலத்தில் இருக்கிற மற்றப் பள்ளிக்கூடங்களின் எண்களோடு அதுவும் மேலே போகும், இவா வாசிக்கிறவள் ஆகிவிடுவாள், காகிதத்தில், அதற்கப்புறம் யாரும் அவளுக்குச் சொல்லித்தர மாட்டார்கள், வாசிக்கிற பிள்ளைக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும், நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, அந்த முப்பத்தொன்றுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பாள், என்னை மாதிரியே. சொல்லிவிட்டால். சொல்லிவிட்டால் இந்தத் தெரு முழுக்க, குழாய் ஸ்பீக்கர் வழியாக, முப்பத்தொன்றில் ஓட்டை என் பிள்ளைதான் என்று கேட்கும், பெற்றவளே சொன்னாள் என்று கேட்கும், கான்வென்ட்டில் ஒரு அறைக்குள் சொன்னதை நான் மைக்கில் சொன்னதாக ஆகும். இன்னாம்மா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயி கீது, என்கிறாள் தேசம்மா அக்கா, மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள், இன்றைக்காக மஞ்சள் தேய்த்துக் குளித்துப் பட்டுப்புடவை கட்டி வந்திருக்கிறாள், ரிப்போர்ட்டு படிக்கப் போறியா ஆபரேசனுக்குப் போறியா. ஒண்ணுமில்லேக்கா, என்கிறேன். ஒண்ணுமில்லாததுக்கா தாளு இந்த ஆட்டம் ஆடுது, கான்வென்ட்டுல படிச்ச பொண்ணு நீ, பூந்து வெளாடுவியா, அத்த வுட்டுட்டு. பயமா இருந்தா என்னப் பாத்துப் படி, நான் கண்ணடிக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருகிறது, அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக் குளிர்ச்சியாக இருக்கிறது, யாரோ கட்டிய மல்லிகைச் சரம் அதில் தொங்குகிறது, கயிற்றுக்கடைத் தெரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியின் ஆண்டறிக்கை, என்கிறேன், என் குரல் வாசலுக்குப் போய் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது, யாருடைய குரலோ மாதிரி, பரவாயில்லை, நன்றாய்த்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு மாணவர் எண்ணிக்கை நூற்று அறுபத்தொன்று, இந்த ஆண்டு இருநூற்று மூன்று. கைதட்டுகிறார்கள். நான் நிமிர்கிறேன், ஒரு எண்ணுக்கா இப்படிக் கைதட்டுவார்கள். பாதியில் நின்றுபோன பிள்ளைகள் ஏழு பேர், ஏழு பேரையும் வீடு தேடிப்போய் அழைத்து வந்தாயிற்று, அவர்களில் ஒருத்தி எண்ணூர் வரைக்கும் குடிபோயிருந்தாள், மறுபடியும் கைதட்டல், அந்தப் பெண் எழுந்து நின்று கும்பிடு போடுகிறாள், நாயகி மாதிரி. கண் பரிசோதனையில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கண்ணாடி, அந்த ஒன்பது பேரையும் நாம் மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம், என்று எழுதியிருக்கிறது, எழுதியிருக்கிறபடியே வாசிக்கிறேன், ஒரு பள்ளிக்கூடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெண்கள் கழிப்பறைக்கு நான்கு கதவுகள், நான்கிலும் தாழ்ப்பாள், கூட்டத்தில் அம்மாக்கள் சத்தமாகச் சிரிக்கிறார்கள், தாழ்ப்பாளுக்குத்தான் மோட்சம் என்கிறாள் யாரோ. என் தோள் தானாக விரிகிறது, இது என் பள்ளிக்கூடமா, எப்போதிலிருந்து, இந்த எண்களையெல்லாம் நானே பெற்று வளர்த்தமாதிரி வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு, சந்தேகம் உண்டா, மூன்று முறை, யாரும் இல்லை. இரண்டாம் வகுப்பு, ஒரு பெரியவர் கைதூக்கி ஒரு பேரைச் சொல்கிறார், அந்தப் பையன் வந்து தங்க விலையை வாசித்துவிட்டு டவுசரை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், பெரியவர் வாயைப் பொத்திக்கொள்கிறார், எல்லோருக்கும் கொண்டாட்டம். பக்கத்தைத் திருப்புகிறேன். மேலிருந்து நாலாவது வரி. மூன்றாம் வகுப்பு, சரளமாக வாசிப்போர், முப்பத்தொன்றுக்கு, வார்த்தை நிற்கிறது, எங்கே இவா, மூன்றாம் வகுப்பு வரிசையில் ஓரத்தில் இருக்கிறாள், இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்துவிட்டது, என்னைத்தான் பார்க்கிறாள், என் வாயைத்தான் பார்க்கிறாள், முப்பத்தொன்று. சந்தேகம் உண்டா. மின்விசிறி சுற்றுகிறது. சந்தேகம் உண்டா. மும்தாஜ் டீச்சர் சுவரில் சாய்ந்து நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, சிரிப்பும் இல்லை. இன்னொரு முறைதான், கேட்டுவிட்டு நாலாம் வகுப்புக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது, எனக்கும் இவாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது, நல்ல பிள்ளை பெனிட்டா, தேங்க் யூ சிஸ்டர், தேங்க் யூ, சந்தேகம் உண்டா, என்று கேட்கிறேன், கேட்ட அதே மூச்சில், எனக்கு உண்டு, என்கிறேன்.

எனக்கு உண்டு. குழாய் ஸ்பீக்கரில் அது தெருவுக்குப் போய்விட்டது, இனிப் பிடித்து இழுக்க முடியாது. வாசிக்கிறவங்களுக்கே சந்தேகமா, இது புதுசா இருக்கே, என்கிறார் அதிகாரி, குணசுந்தரி டீச்சர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார், பேரைச் சொல்லுங்கம்மா, என்கிறார், சாதாரணமாக, தபால்காரரிடம் கேட்கிறமாதிரி. இவாஞ்சலின், என்கிறேன், என் மகள். கூட்டம் கசகசவென்று பேசுகிறது, ஐயையோ பெத்தவளே, என்று எங்கிருந்தோ கேட்கிறது, இவா எழுந்து வருகிறாள், அவிழ்ந்த பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு மைக்குக்கு வருகிறாள், என்ன செய்தேன், என்ன செய்துவிட்டேன், பிள்ளையைக் கூப்பிட்டு வெயிலில் நிறுத்திவிட்டேன். மும்தாஜ் டீச்சர் நாளிதழை மடித்து அவள் கையில் தருகிறார், போய்ப் பழைய இடத்தில் சாய்ந்துகொள்கிறார். எனக்கு இங்கிருந்தே தலைப்பு தெரிகிறது, சேலத்தில் மாம்பழ வரத்து அதிகரிப்பு, இவா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கிற அதே பார்வை, என் உதடு குவிந்துவிட்டது, சே என்று அது தானாகவே ஆரம்பிக்கிறது, சொல்லிக்கொடுத்துவிடு, மைக்கைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொல்லிவிடு, ஒரு வார்த்தை கிடைத்தால் அவள் பிடித்துக்கொள்வாள், யாருக்கும் கேட்காது, சே, சேல, என் பல் கீழுதட்டைக் கடிக்கிறது, இன்னும் கடிக்கிறது, உப்புக் கரிக்கிறது. தேசம்மா அக்கா கண்ணடிக்க மறந்துவிட்டாள். எத்தனை நேரம் ஆகிறது, யாராவது ஏதாவது சொல்லுங்களேன், இவாவின் வாய் திறக்கிறது, மம்மி, என்கிறாள், மைக்கில், தெரு முழுக்க, மம்மி, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. என்னது. திரும்பிக்கோ மம்மி, உன் வாயைப் பாத்தா எனக்கு எழுத்தெல்லாம் ஓடிப்போயிடுது, டீச்சர் என் மூஞ்சியப் பாக்கவே மாட்டாங்க, ஜன்னலத்தான் பாப்பாங்க. யாரோ சிரிக்கிறார்கள், யாரோ உஷ் என்கிறார்கள், மும்தாஜ் டீச்சர் சுவரைவிட்டு நகரவில்லை, விரலை மட்டும் ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறார், திரும்புங்கம்மா.

திரும்புகிறேன். முன்னால் வெறும் சுவர், புதிதாய் அடித்த மஞ்சள் சுண்ணாம்பு, அதில் ஒரு கொசு, நான் என் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், ஊரே என் முதுகைப் பார்க்கிறது, கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை, இத்தனை வருஷமாக என் வாய்தான் அவள் வாயை அடைத்துக்கொண்டு இருந்ததா, ஆறு மணிக்கு, ஒவ்வொரு நாளும், நானா, நான் நல்லதுக்குத்தானே, கொசு நகர்கிறது, சேலத்தில், என்று கேட்கிறது. பின்னாலிருந்து இல்லை, வாசலிலிருந்து, குழாய் ஸ்பீக்கர் வழியாக, தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறது, சேலத்தில் மாம்பழ வரத்து அதிகரிப்பு, விலை பாதியாகக் குறைந்தது, சேலம், ஏப்ரல் பத்து, மாவட்டம் முழுவதும் நல்ல மழை பெய்ததால், இது யார் குரல், இவாவுக்கு இவ்வளவு பெரிய குரலா, கொஞ்சம் கரகரப்பாய், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரம் என்று ஒவ்வொரு பழமாய்க் கையில் எடுத்துக் காட்டுகிறமாதிரி, வியாபாரிகள் கவலை தெரிவித்தனர் என்கிற இடத்தில் கவலையாகவே வாசிக்கிறாள், நேரே பார்த்திருந்தால் நான் பாதியில் நுழைந்திருப்பேன், சத்தியமாக நுழைந்திருப்பேன், சுவரைப் பார்த்தபடி நிற்கிறேன், கண்ணீர் மூக்கோரமாய் இறங்குகிறது, துடைக்கவில்லை, துடைத்தால் தோள் அசையும், அவள் நிறுத்திவிடுவாள். மாம்பழம் முடிந்தது, போதும் பாப்பா என்கிறார் அதிகாரி, அவள் நிறுத்தவில்லை, அடுத்த பத்திக்குப் போகிறாள், குடிநீர்க் குழாய் உடைந்து சாலையில் வெள்ளம், அது முடிந்து கீழே விளம்பரம், மூட்டு வலியா கவலை வேண்டாம், கூட்டம் அதிர்ந்து சிரிக்கிறது, அவள் தொலைபேசி எண்ணையும் விடாமல் வாசிக்கிறாள், எட்டாவது இலக்கம்வரைக்கும் போனபிறகு மும்தாஜ் டீச்சர் வந்து தாளைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. இப்பத் திரும்பலாம் மம்மி, என்கிறாள். திரும்புகிறேன். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், எதற்கு எழுந்தார்கள், நான் குனியவில்லை, என் கழுத்து அது பாட்டுக்கு நிமிர்ந்தே இருக்கிறது. பின் வரிசையிலிருந்து ஒரு அப்பா கையைத் தூக்குகிறார், எனக்கும் சந்தேகம், என் பொண்ணு ஹசீனாவையும் கூப்பிடுங்க. அவர் பக்கத்தில் இன்னொரு கை, எங்க வூட்டுப் புள்ளைய மட்டும் ஏன் நம்புறீங்க, அவனையும் சந்தேகப்படுங்க. எம்மா பெனிட்டா, என்று கத்துகிறாள் தேசம்மா அக்கா, பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டு, பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, நாலாவதுல என் பையன் டில்லிபாபு கீறான், அவன நல்லா சந்தேகப்படு, வுட்டுடாத. ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா, என்கிறார் குணசுந்தரி டீச்சர், அவர் கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது, நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள், விளையாட்டுப் பக்கம் ஒருத்திக்கு, வரன் தேடும் பக்கம் ஒருவனுக்கு, பத்தவில்லை, காவலாளி அண்ணன் எதிர் டீக்கடைக்குப் போய் அங்கே இருக்கிற எல்லாப் பேப்பரையும் அள்ளிக்கொண்டு வருகிறார், டீக்கடைக்காரரும் கரண்டியோடு பின்னாலேயே வருகிறார், என்னதான் நடக்குது இங்கே என்று. நான் மைக்கை விடவில்லை. பக்கத்தைப் புரட்டுகிறேன், விரல் ஒட்டவில்லை. நான்காம் வகுப்பு, என்கிறேன், நாற்பத்திரண்டுக்கு முப்பத்தொன்பது, மீதி மூவரின் பெயரைச் சொல்ல வேண்டாம், அது அவர்கள் குறையல்ல, எங்கள் வேலை இன்னும் முடியவில்லை என்றே பொருள், என்று எழுதியிருக்கிறது, எழுதியிருப்பதைவிடச் சத்தமாக வாசிக்கிறேன், சந்தேகம் உண்டா என்று நான் வாயெடுப்பதற்குள் எதிரே கைகள், கைகள், ஜன்னலுக்கு வெளியே தெருவில் நிற்கிறவர்களின் கைகள்கூட.